சியாட்டில்ல முதல்ல குடியேறின டென்னி குடும்பம்: அடிக்கடி கேக்கற கேள்விகள்

சியாட்டில்ல வேலைக்கு வந்திருக்கற நம்மாளுங்க தினமும் டென்னி வே ரோட்டு டிராபிக்ல நிக்கறாங்க, போரன் அவென்யூல வீடு தேடறாங்க, யெஸ்லர் வே ரோட்ல பார்க்கிங் தேடறாங்க. இதெல்லாம் மனுஷங்க பேரு, அதுலயும் பாதிப் பேரு ஒரே சொந்தக்காரங்கன்னு சொன்னா அப்பறம் கேள்வி வந்துட்டே இருக்கு. திரும்பத் திரும்ப வர்ற கேள்விகள இங்க ஒண்ணா போட்டுட்டேன்.

இந்த டென்னி குடும்பம்னா யாரு யாரு?

இதுக்கு பதில் சொல்லணும்னா ஒரு பேப்பர் பேனா எடுத்துக்கணும். ஆர்தர் டென்னி, அவர் தம்பி டேவிட் டென்னி. ஆர்தர் கட்டினது மேரி ஆன் போரன். மேரியோட தங்கச்சி லூயிசா போரன், அவங்கள பின்னாடி டேவிட் கட்டிக்கிட்டார். இது சாதாரணம்தான், அண்ணன் தம்பி அக்கா தங்கச்சிய கட்டறது நம்ம ஊர்லயும் உண்டு. ஆனா நடுவுல ஆர்தர், டேவிட் ரெண்டு பேரோட அப்பா ஜான் டென்னி, மேரிக்கும் லூயிசாவுக்கும் அம்மாவான விதவை சாராவ கல்யாணம் பண்ணிக்கிட்டார். அப்ப நம்ம கணக்குப்படி லூயிசா டேவிட்டுக்கு தங்கச்சி முறை ஆகுது, நம்ம பாட்டிங்க கேட்டா தலைல அடிச்சிப்பாங்க. இவங்க கூட மேரியோட தம்பி கார்சன் போரன் தன் குடும்பத்தோட வந்தார். பெல் குடும்பம், லோ குடும்பம், டெர்ரின்னு அண்ணன் தம்பி ரெண்டு பேரு, இவங்கெல்லாம் வழில வந்து சேர்ந்துக்கிட்டவங்க.

"ஒரு தைரியசாலி காட்டுல வந்து ஊர உருவாக்கினார்"னு படிச்சா நம்பாதீங்க. ஒரு கூட்டமா சொந்தபந்தத்தோட, ஒருத்தர் சோத்துல ஒருத்தர் கை வச்சுதான் வந்தாங்க.

எதுக்கு அவ்ளோ தூரம் வரணும்?

நிலம். 1850ல அமெரிக்க அரசாங்கம் ஓரகன் பக்கம் போய் குடியேறறவங்களுக்கு இலவசமா நிலம் தர ஒரு சட்டம் போட்டுச்சு. 1850 டிசம்பருக்கு அப்பறம் வந்தவங்களுக்கு தனி ஆளா இருந்தா 160 ஏக்கர், புருஷன் பொண்டாட்டியா இருந்தா 320 ஏக்கர், நாலு வருஷம் அங்கயே இருந்து பயிர் பண்ணணும். இதுல நல்ல விஷயம் ஒண்ணு இருக்கு, அந்த 320ல பாதி பொண்டாட்டி பேர்லயே எழுதணும். அந்தக் காலத்துல அமெரிக்காவுல பல இடத்துல கல்யாணம் ஆன பொம்பளைக்கு தனியா சொத்தே கிடையாது, அதனால இது சின்ன விஷயம் இல்ல. அநியாயமான விஷயம் ரெண்டு. ஒண்ணு, இது வெள்ளைக்காரங்களுக்கும், பழங்குடி ரத்தம் பாதி கலந்தவங்களுக்கும் மட்டும்தான், கறுப்பினத்தவங்களுக்கு கிடையாது. ரெண்டாவது, அந்த நிலம் ஏற்கனவே வேறவங்களோடது, அவங்ககிட்ட எழுதி வாங்கறதுக்கு முன்னாடியே அரசாங்கம் அத தானம் பண்ணிடுச்சு. ஒப்பந்தம்னு ஒண்ணு போட்டதே 1855லதான்.

பயணம் எப்படி இருந்துச்சு?

1851 ஏப்ரல் 10ம் தேதி இல்லினாய்ல செர்ரி குரோவ்ங்கற ஊர்லேர்ந்து குதிரை வண்டில கெளம்பினாங்க, ஆகஸ்ட் 22ம் தேதி போர்ட்லண்ட். நாலு மாசத்துக்கு மேல. இதுல எல்லாரும் ஆர்தரோட தலைமை பத்தி பேசுவாங்க, எனக்கு கணக்குப் போட்டா மேரி ஆன்தான் ஞாபகம் வர்றாங்க. போர்ட்லண்ட் வந்த பதினொன்னாம் நாள், செப்டம்பர் 2, அவங்களுக்கு ரோலண்ட்னு பையன் பொறக்கறான். அப்படின்னா அந்த வண்டிப்பயணம் முழுக்க அவங்க வயித்துல புள்ள. கூட ரெண்டு சின்னப் பொண்ணுங்க வேற. வந்து சேர்ந்ததும் குளிர்காய்ச்சல், புருஷன் பொண்டாட்டி ரெண்டு பேருக்கும். பச்சை உடம்புக்காரி மலேரியால நடுங்கிட்டு கெடக்காங்க, அந்த நேரத்துல டேவிட்டையும் லோவையும் வடக்க பியூஜெட் சவுண்ட்ங்கற கடற்கழி பக்கம் இடம் பாத்துட்டு வரச்சொல்லி அனுப்பினாங்க.

1851 நவம்பர் 13ல என்ன நடந்துச்சு?

ஊரோட பொறந்தநாள்னு கொண்டாடற நாள் அது. எக்ஸாக்ட்ங்கற சின்ன பாய்மரக்கப்பல்ல, இப்ப மேற்கு சியாட்டில்ல இருக்கற ஆல்கை முனைல வந்து இறங்கினாங்க. குழந்தைங்களையும் சேத்து சுமார் ரெண்டு டஜன் பேரு, பாதிக்குப் பாதி குழந்தைங்க. நல்ல மழை. அங்க முன்னாடியே டேவிட் தனியா உக்காந்திருக்கார், வயசு 19, கட்ட ஆரம்பிச்ச மரவீடு ஒண்ணு, அதுக்கு கூரையே இல்ல, கோடாலி பட்டு கால்ல வெட்டுக்காயம், காய்ச்சல். செப்டம்பர் கடைசிலதான் "நல்ல இடம், ஆயிரம் பேர் வந்தாலும் இடம் இருக்கு, உடனே வாங்க"ன்னு கடிதம் குடுத்து விட்டிருந்தார். அதே டேவிட் அண்ணனப் பாத்து "நீங்க வராம இருந்திருக்கலாம்"னு சொன்னதா குடும்பத்துக்குள்ள ஒரு கதை ஓடுது.

மழைல துணித்தொப்பி எல்லாம் தொங்கிப்போய் பொம்பளைங்க கரைல உக்காந்து அழுதிருக்காங்க. கூரை இல்லாத வீட்டுக்கு கைக்குழந்தையோட வந்து இறங்கினா யாரா இருந்தாலும் அழுகைதான் வரும். ஆர்தரே வயசான காலத்துல இத எழுதி வச்சிருக்கார், குடும்பத்த எங்க கொண்டாந்து விட்டிருக்கோம்னு அவருக்கு அப்பதான் உறைச்சிருக்கு.

அங்க அப்ப யாருமே இல்லியா?

இருந்தாங்க, நெறைய பேர் இருந்தாங்க. டுவாமிஷ், சுக்குவாமிஷ் மக்கள் அந்தக் கடலோரமும் ஆத்தோரமும் தலைமுறை தலைமுறையா இருந்தவங்க, இப்ப பயனீர் ஸ்கொயர் இருக்கற இடத்துலயே அவங்க குடியிருப்பு ஒண்ணு இருந்துச்சு. முதல் குளிர்காலத்துல ஆல்கைல இவங்க வீட்டச் சுத்தி ஆயிரம் பேருக்கு மேல வந்து தங்கியிருந்தாங்கன்னு ஆர்தர் எழுதறார். அப்ப ரெண்டு டஜன் பேரு ஆயிரம் பேருக்கு நடுவுல. யாரு யாருக்கு இடம் குடுத்தாங்கன்னு நீங்களே பாத்துக்கோங்க. ஊருக்கு வச்ச பேரே அந்த மக்களோட தலைவர் சீயால்த் பேருதான், வெள்ளைக்காரங்க வாய்ல அது சியாட்டில் ஆயிடுச்சு.

என்ன சாப்பிட்டாங்க?

எனக்கு ரொம்பப் பிடிச்ச கேள்வி. சால்மன் மீன், சிப்பி, மான்கறி, காட்டுப் பழங்கள். மாடு முதல்ல கெடையாது, அதனால பாலும் கெடையாது. மேரி ஆனுக்கு உடம்பு முடியாம தாய்ப்பால் நின்னுபோச்சு, ரெண்டரை மாசக் குழந்தைக்கு என்ன குடுக்கறது? சிப்பிய வேகவச்ச தண்ணி. பக்கத்துல இருந்த பழங்குடிப் பொம்பளைங்க சொல்லிக்குடுத்ததுன்னு சொல்வாங்க. அந்த சிப்பிச்சாறு குடிச்சு வளந்த ரோலண்ட் 1939 வரைக்கும் உயிரோட இருந்தார், முதல்ல வந்தவங்கள்ல கடைசியா போனவர் அவர்தான்.

மாவு, பன்னிக்கறி, வெண்ணெய், சர்க்கரை இதெல்லாம் கப்பல் வந்தாதான். மாவு சிலி நாட்டுலேர்ந்து வந்துச்சு, பன்னிக்கறியும் வெண்ணெயும் தென் அமெரிக்காவ சுத்திக்கிட்டு கேப் ஹார்ன் வழியா. 1852 கடைசில கப்பல் வரத்து கொறஞ்சு போச்சு. ஆர்தர் 90 டாலர் குடுத்து ரெண்டு பீப்பா பன்னிக்கறி வாங்கறார், மாவு பீப்பா 20 டாலர். அதுல பன்னிக்கறி ஒரு பீப்பாவ கடற்கரைல, அலை வராதுன்னு நெனச்ச மேட்டுல விட்டு வச்சார். ஒரு ராத்திரி காத்தும் அலையும் சேந்து வந்து அத அடிச்சுட்டு போயிடுச்சு. 45 டாலர் போச்சுன்னு மட்டும் இல்ல, ஊரோட குளிர்கால சாப்பாடே போச்சு. அதனால தண்ணி வத்தின நேரமா பாத்து ராத்திரியோட ராத்திரியா பிசின் கட்டை தீப்பந்தம் கொளுத்திட்டு மொத்த ஊரும் கரை ஓரமா தேடிட்டு போயிருக்காங்க. கெடைக்கவே இல்ல. ஒரு பீப்பா கறி காணாப்போனதுக்கு ஊரே பந்தம் பிடிச்சு தேடுதுன்னா அந்த ஊர் எவ்ளோ சின்னதுன்னும் எவ்ளோ பசில இருந்துச்சுன்னும் இதவிட நல்லா சொல்ல முடியாது.

அப்பறம் மாவும் தீந்துபோச்சு. யாரு காப்பாத்தினது? படகுல பிளாக் ரிவர் பக்கம் போய் அங்க இருந்த பழங்குடி மக்கள்ட்ட உருளைக்கிழங்கு வாங்கிட்டு வந்தாங்க, 50 புஷல் (மரக்கால் மாதிரி ஒரு பழைய அளவு). அவங்க அத ஏற்கனவே பயிர் பண்ணிட்டு இருந்தாங்க. "நாகரிகம் கொண்டு வந்தோம்"னு பின்னாடி மேடைல பேசினவங்க அந்தக் குளிர்காலத்துல அவங்க கிழங்க தின்னுதான் உயிர் பொழைச்சாங்க.

காசுக்கு என்ன பண்ணாங்க?

மரம். 1851ல சான் பிரான்சிஸ்கோ அடிக்கடி தீப்பிடிச்சு எரிஞ்சுட்டு இருந்த ஊரு, துறைமுகம் கட்டவும் நெறைய மரம் வேணும். அந்த டிசம்பர்லயே லியோனேசாங்கற கப்பல் வந்து பைல் மரம், அதாவது தண்ணிக்குள்ள அடிச்சு நிறுத்தற நீளமான மரம் கெடைக்குமான்னு கேட்டுச்சு. இவங்ககிட்ட மாடும் இல்ல குதிரையும் இல்ல, கரைக்குப் பக்கத்துல இருந்த மரத்த வெட்டி உருட்டி ஏத்தினாங்க. விவசாயம் பண்ண வந்த குடும்பம் ஒரே மாசத்துல மரவியாபாரி ஆயிடுச்சு.

1852 அக்டோபர்ல ஹென்றி யெஸ்லர் நீராவி மரமில் வைக்க இடம் தேடிட்டு வந்தார். போரனும், பக்கத்து நிலம் வச்சிருந்த டாக்டர் மேனார்டும் தங்களோட நிலத்து எல்லைய கொஞ்சம் ஒதுக்கி அவருக்கு கரையோரமா இடம் விட்டாங்க. ஓசில நிலம் குடுத்தாங்களான்னு கேட்டா, ஆமா, ஆனா மில் வந்தா ஊர் வரும், ஊர் வந்தா மிச்ச நெலத்துக்கு விலை வரும், அந்தக் கணக்கு எல்லாருக்கும் தெரியும். 1853ல மில் ஓட ஆரம்பிச்சுது, பியூஜெட் சவுண்ட்லயே முதல் நீராவி மில். அதுல பழங்குடி ஆளுங்களும் வேலை பாத்தாங்க. மலைலேர்ந்து மரத்த இழுத்து வந்த வழிதான் இப்ப யெஸ்லர் வே.

ஆல்கைய விட்டு ஏன் இந்தப் பக்கம் வந்தாங்க?

ஆல்கைல காத்து அதிகம், பெரிய கப்பல் கரைக்கு வர ஆழமும் பத்தல. 1852 பிப்ரவரில ஆர்தர், போரன், பெல் மூணு பேரும் ஒரு படகுல ஏறி எலியட் பேங்கற வளைகுடாவோட கிழக்குக் கரை ஓரமா ஆழம் பாத்துட்டு வந்தாங்க. ஆழம் பாக்க என்ன கருவி? மேரி ஆனோட துணி காயப்போடற கயிறு, அதோட நுனில குதிரை லாடம் சிலத கட்டி. கயிறு போயிட்டே இருந்த எடத்துல நிலத்துக்கு அடையாளம் வச்சாங்க. இன்னிக்கு டவுன்டவுன் இருக்கற எடம் ஒரு கொடிக்கயிறு தீர்மானிச்சது.

டெர்ரி சகோதரர்கள்ல சார்லஸ் ஆல்கைலயே இருந்து பாத்தார், அதுக்கு நியூயார்க்னு பேர் வேற. சரிப்படல.

டவுன்டவுன்ல தெருவெல்லாம் ஏன் கோணலா முட்டிக்குது?

1853 மே 23ம் தேதி ஆர்தரும் போரனும் ஒரு வரைபடம் பதிஞ்சாங்க, தெருவெல்லாம் கரை ஓரத்துக்கு இணையா. டாக்டர் மேனார்ட் தனியா ஒண்ணு போட்டார், நேரா வடக்கு தெற்கு. ரெண்டு பேரும் விட்டுக்குடுக்கல. இன்னிக்கும் ஜிபிஎஸ் அங்க தடுமாறுது.

பொம்பளைங்க வாழ்க்கை?

1853 ஜனவரி 23ல டேவிட்டுக்கும் லூயிசாவுக்கும் கல்யாணம், ஊரோட முதல் கல்யாணம், ஆர்தர் வீட்டுல. நடத்தி வச்சது மேனார்ட். அப்பறம் படகுல ஏறி தங்களோட நெலத்துக்குப் போனாங்க. லூயிசா இல்லினாய்லேர்ந்து ஸ்வீட்பிரையர் ரோஜா விதை பத்திரமா எடுத்துட்டு வந்திருந்தாங்க, அத வீட்டு வாசல்ல போட்டாங்க. மாசக்கணக்கா வண்டில சாமான் இடமில்லாம தூக்கிப் போட்டுட்டு வர்ற பயணத்துல ஒரு பொட்டலம் பூவிதை மட்டும் வந்து சேந்திருக்கு.

மத்தபடி சமையல், துவையல், சோப்பு காய்ச்சறது, பிரசவம், நோய், எல்லாம் அவங்க தலைலதான். 1854ல கேத்தரின் பிளெய்ன் முதல் பள்ளிக்கூடம் ஆரம்பிச்சாங்க, இவங்க 1848ல செனிகா ஃபால்ஸ்ல பெண்கள் உரிமை அறிக்கைல கையெழுத்து போட்டவங்க. இந்தக் காட்டூர்ல அப்படி ஒரு டீச்சர்! கல்யாணம் ஆகாத ஆம்பளைங்க கூட்டம்தான் ஊர்ல அதிகம், அதனால 1864ல ஆசா மெர்சர்ங்கற இளவட்டம் கிழக்குக் கரை போய் 11 பொண்ணுங்கள டீச்சர் வேலைன்னு சொல்லி கூட்டிட்டு வந்தார். பெரும்பாலானவங்களுக்கு சீக்கிரமே கல்யாணம் ஆயிடுச்சு. மெர்சர் ஸ்ட்ரீட் இவர் பேர் இல்ல, இவரோட அண்ணன் தாமஸ் மெர்சர் பேரு.

சண்டை ஏதோ நடந்ததா சொல்றாங்களே?

1855 ஜனவரி 22ல கவர்னர் ஐசக் ஸ்டீவன்ஸ் பாயின்ட் எலியட் ஒப்பந்தத்துல கையெழுத்து வாங்கினார். நெலத்த குடுத்துட்டு ரிசர்வேஷனுக்கு, அதாவது பழங்குடிகளுக்குன்னு அரசாங்கம் ஒதுக்கின எடத்துக்கு போங்கன்னு ஒப்பந்தம். டுவாமிஷ் மக்களுக்கு அவங்க சொந்த எடத்துல ரிசர்வேஷனே கிடையாது. இப்படி பல ஒப்பந்தம் அடுத்தடுத்து போட்டதுல பல இனத்துக்காரங்க கொதிச்சாங்க, 1856 ஜனவரி 26 காலைல ஊர தாக்கினாங்க. துறைமுகத்துல டிகேட்டர்ங்கற கடற்படைக் கப்பல் நின்னுட்டு இருந்துச்சு, அதோட பீரங்கிதான் ஊர காப்பாத்துச்சு. ஒரே நாள் சண்டை, குடியேறினவங்கள்ல ரெண்டு பேர் செத்தாங்க. சீயால்த் இதுல சேரல.

லூயிசா அன்னிக்கு காலைல பிஸ்கட் சுட்டுட்டு இருந்தாங்களாம். சத்தம் கேட்டதும் சுட்டத மடிக்குள்ள அள்ளிப்போட்டு ரெண்டு வயசுப் பொண்ண தூக்கிட்டு கோட்டைக்கு ஓடியிருக்காங்க. தூக்கிட்டுப் போன அந்தப் பொண்ணு எமிலி, வளந்து ஓவியர் ஆகி இதெல்லாம் எழுதியும் வச்சாங்க. அடுத்து பொறந்த பொண்ணுக்கு பேருலயே டிகேட்டர்னு சேத்து வச்சாங்க. அதுக்கப்பறம் பாதி ஊரு காலி ஆச்சு, பல வருஷம் வளர்ச்சியே இல்ல.

"வானத்த எப்படி விக்க முடியும்"னு சியாட்டில் தலைவர் எழுதின கடிதம் உண்மைதானா?

இல்லங்க. தமிழ்லயும் ரொம்ப வருஷமா சுத்தற அந்தக் கடிதம் 1970கள்ல ஒரு டாக்குமெண்டரி படத்துக்காக டெட் பெர்ரிங்கறவர் எழுதின வசனத்துலேர்ந்து வந்தது. அதுக்கு முன்னாடி 1887ல ஹென்றி ஸ்மித்ங்கற டாக்டர், சீயால்த் பேசின ஒரு பேச்ச தான் கேட்டதா சொல்லி, முப்பது வருஷம் கழிச்சு பேப்பர்ல போட்டது ஒண்ணு இருக்கு, அதுலயும் எவ்ளோ சீயால்த் எவ்ளோ ஸ்மித்னு பிரிக்க முடியாது. பேசினது உண்மைனாலும் கடிதம் கிடையவே கிடையாது.

ஊர் எப்ப பெருசாச்சு?

1870 கணக்கெடுப்புல 1,107 பேர். 1880ல 3,533. 1890ல 42,837. கடைசி பத்து வருஷத்த பாருங்க!

ஆனா அதுக்கு முன்னாடி அடிமேல அடி. ஆர்தர் 1861ல பல்கலைக்கழகத்துக்காக தன் நெலத்துல எட்டு ஏக்கருக்கு மேல குடுத்தார், மத்த ரெண்டு பேர் சேத்து மொத்தம் பத்து ஏக்கர். கல்லூரில படிக்கற வயசுல ஊர்ல ஆளே இல்லாதப்ப! அந்த எடம் இன்னிக்கும் டவுன்டவுன் நடுவுல பல்கலைக்கழகத்துக்கு வாடகை சம்பாதிச்சுக் குடுக்குது. ரயில் நம்ம ஊருக்குத்தான் வரும்னு எல்லாரும் காத்துட்டு இருந்தப்ப 1873 ஜூலைல ஆர்தருக்கு தந்தி வருது, கடைசி ஸ்டேஷன் பக்கத்து ஊர் டகோமாவுக்குன்னு. ஊரே இடிஞ்சு போச்சு. அடுத்த வருஷம் மே 1ம் தேதி கடைய பூட்டிட்டு ஆம்பளைங்க மண்வெட்டி, பொம்பளைங்க சாப்பாட்டுக் கூடைன்னு கெளம்பி தாங்களே ரயில் பாதை போட ஆரம்பிச்சாங்க. அது கடைசில நிலக்கரி சுரங்கம் வரைக்கும்தான் போச்சு, ஆனா நிலக்கரியே ஊருக்கு சோறு போட்டுச்சு. 1889 ஜூன் 6ல ஒரு தச்சுப்பட்டறைல கோந்து காய்ச்சற சட்டி பொங்கி தீப்பிடிச்சு டவுன்டவுன் மொத்தமா எரிஞ்சுது, அப்பறம் செங்கல்லுல கட்டினாங்க.

அப்ப டென்னி குடும்பம் பெரிய கோடீஸ்வரங்களா?

அண்ணன் ஆமா, தம்பி ஆயிருந்து போச்சு. ஆர்தர் நிதானமான ஆளு, கடை, பேங்க், அரசியல்னு கால ஊனி 1899ல பெரிய பணக்காரரா செத்தார். டேவிட் நெலம் வச்சிருந்ததோட நிக்காம லேக் யூனியன் மரமில், ட்ராம் லைன்னு பெருசா கடன் வாங்கி போட்டார். 1893ல நாடு முழுக்க பேங்க் விழுந்தப்ப எல்லாம் போச்சு, வீடு உட்பட. ஊரே அவர் நெலத்து மேல நிக்குது, அவருக்கு நிக்க எடம் இல்ல. 1903ல லிக்டன் ஸ்பிரிங்ஸ்ல செத்தார், லூயிசா 1916 வரைக்கும் இருந்தாங்க.

சீயால்த் குடும்பம் என்ன ஆச்சு?

1865ல சியாட்டில் ஊராட்சி ஒரு சட்டம் போட்டுச்சு, வேலை குடுக்கறவங்க தங்க இடம் குடுத்தாதான் பழங்குடி ஆளுங்க ஊருக்குள்ள இருக்கலாம்னு. சீயால்த் பேர்ல இருக்கற ஊர்ல! அவர் பொண்ணு கிக்கிசோப்லு, வெள்ளைக்காரங்க ஏஞ்சலின்னு கூப்பிட்டவங்க, போகமாட்டேன்னு உக்காந்துட்டாங்க. கடலோரமா ஒரு குடிசை, வீடு வீடா துணி தொவைச்சு, கூடை பின்னி வித்து பொழச்சாங்க. ஃபோட்டோகாரங்க வரிசைல நின்னு படம் எடுத்து வித்தாங்க. 1896ல செத்தப்ப மட்டும் ஊர் பெரிய மரியாதை பண்ணுச்சு. டுவாமிஷ் மக்களுக்கு மத்திய அரசு அங்கீகாரம் 2001 ஜனவரில கெடைக்கற மாதிரி வந்து அதே வருஷமே அடுத்த அரசாங்கம் வந்து மறுத்துடுச்சு.

நேர்ல போய் பாக்க என்ன இருக்கு?

ஆல்கை பீச்ல 1905ல வச்ச நினைவுத்தூண் இருக்கு. அதுல ஆம்பளைங்க பேரு போட்டு "மனைவியும்"னு செதுக்கினாங்க, மழைல அழுத அந்தப் பொம்பளைங்க பேரு ரொம்ப வருஷம் கழிச்சுதான் தனிப் பலகைல வந்துச்சு. டென்னி ஹில்னு ஒரு குன்று இருந்துச்சு, அத தண்ணி அடிச்சு கரைச்சு தரைமட்டமாக்கிட்டாங்க, மேல இப்ப ஆபீஸ் டவர். டென்னி பார்க் டேவிட் குடுத்த எடம், முதல்ல கல்லறைத் தோட்டமா இருந்துச்சு. ஒரு நாள் லீவ் கெடைச்சா டவுன்டவுன்லேர்ந்து வாட்டர் டாக்சி பிடிச்சு மேற்கு சியாட்டில் போங்க, ஆல்கை பாத்துட்டு வெஸ்ட் மார்ஜினல் வே ரோட்ல டுவாமிஷ் மக்களோட பொதுக்கூடமான லாங்ஹவுஸுக்கும் போயிட்டு வாங்க, ரெண்டும் ஒரே நாள்ல பாத்துடலாம். லாங்ஹவுஸ் தொறந்திருக்கற நாளா பாத்துட்டு கெளம்புங்க.